ஏற்றுமதி

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "சாப்பாடாச்சுங்களா" என்று கேட்பார்கள். அவர் "ஏத்தியாச்சுங்களா" என்று கேட்பார். காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, தலையில் சுற்றிய மப்ளரை அவிழ்ப்பதற்கு முன்பே, கண்ணில் முதலில் படுபவரிடம் அந்தக் கேள்வி போய்விடும். வருகைப்பதிவை ஏற்றியாயிற்றா, மதிப்பெண்ணை ஏற்றியாயிற்றா, நேற்றுக் கூட்டத்தில் எடுத்த படத்தை ஏற்றியாயிற்றா. ஏற்காட்டில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு கேஸ் சிலிண்டரிலிருந்து சாக்பீஸ் வரை எல்லாமே கீழேயிருந்து ஏற்றி வருவதுதான். ஆனால் அவர் சொன்ன ஏற்றம் கல்லூரி வாங்கியிருந்த ஒரு மென்பொருளுக்குள் ஏற்றுவது. அதற்குள் போகாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

அவர் வணிகவியல் பேராசிரியர். கல்லூரியின் இணையவழிக் கற்பித்தலுக்கு ஒருங்கிணைப்பாளர். நான் தமிழ்த்துறைத் தலைவர். வணிகவியலையும் அவருடைய ஓயாத ஏற்றுதலையும் சேர்த்து, அவருக்கு 'ஏற்றுமதி' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரே வாரத்தில் அந்தப் பெயர் கேன்டீன் வரை போய்ச் சேர்ந்தது. பெயரில் 'மதி' மட்டும் இலவச இணைப்பு என்று நான் சொல்வேன், கேட்பவர்கள் சிரிப்பார்கள். விஷயம் அவருக்கும் தெரியும். ஒருநாள் என்னிடமே, "நல்ல பேருதானுங்க சார், நாட்டுக்கு ஏற்றுமதியிலதானுங்களே வருமானம்" என்றார். அவமானப்படக்கூடத் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஊர் சேலத்துக்குப் பக்கத்தில். தினமும் பஸ்ஸில் மலையேறி வருவார். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்பதால் அரை எலுமிச்சம்பழத்தை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி வருவார். இறங்கியதும் எலுமிச்சையைத் துப்புவார். அடுத்து போனை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து டவர் இருக்கிறதா என்று பார்ப்பார். இடுப்பு உறையில் ஒரு போன், சட்டைப்பையில் ஒரு போன். ஏரியின் மேல் பனி இறங்கும்போது சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து நிற்பார்கள். அவர் முகம் சுண்டிப்போகும். "போச்சுங்க, இனி நெட்டு படுத்துக்கும்" என்பார். இத்தனை அழகான மலையில் இப்படி ஒரு மனிதன் தினமும் வந்து போவது மலைக்கே கேவலம் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரின் தகப்பனார் நாகலூரில் இறந்துபோனபோது கல்லூரியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் போனோம். அப்போதெல்லாம் கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கென்று எந்த நிகழ்ச்சிக்கும் படம் வேண்டும்; படத்தின் அடியில் இடமும் நேரமும் தானாக அச்சாகியிருக்க வேண்டும். மாலையைப் போட்டுவிட்டு நாங்கள் நகரப் போனோம். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"சார், அப்படியே நில்லுங்க. லொகேஷன் விழுகலீங்க. அம்மா, நீங்க கொஞ்சம் தலைமாட்டுப் பக்கமா வாங்க. இன்னொருக்கா."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மூன்றாவது முறை நின்ற பிறகுதான் விட்டார். அன்று பனி கடுமையாக இருந்ததால் போன் குழம்பிப்போய், படத்தின் அடியில் குப்பனூர் என்று அடித்துவிட்டது. அவர் அதை அப்படியே ஏற்றினார், 'சமூக நலச் செயல்பாடு' என்ற தலைப்பில். எங்கள் கல்லூரி ஆவணங்களின்படி நாகலூர்ப் பெரியவர் செத்துக் கிடந்தது மலையடிவாரத்துக் குப்பனூரில். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்று கணக்கில்லை.

கொரோனாக் காலத்தில் ஒரு மணி நேரம் முழுவதும் மைக்கை மூடிவைத்துக்கொண்டு பாடம் நடத்தியவரும் அவர்தான். கம்பெனிச் சட்டம். கையை ஆட்டி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, நடுவில் தண்ணீர் குடித்து, முழு மூச்சாக நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக நின்றிருக்கின்றன. வகுப்பு முடிந்தபின் ஒரு பையன் போன் செய்து, "சார், ஒண்ணுமே கேக்கலீங்க சார்" என்றானாம். அவர் சொன்ன பதிலை நான் மேடையில்கூடப் பயன்படுத்தியிருக்கிறேன்: "பரவால்ல சாமி. ரெக்கார்டு ஏறிருச்சு."

இது போன்ற கதைகள் என்னிடம் நிறைய உண்டு. ஒவ்வொன்றையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கல்லூரியில் என் மதிப்பு என் தமிழால் வந்தது என்று நான் நம்பியிருந்தேன். இப்போது யோசித்தால், கடைசி ஐந்தாறு ஆண்டுகள் அது அவரைப் பற்றிய கதைகளால் வந்தது.

அந்த மென்பொருளில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு நாள் ஒதுக்கினார். எல்லாத் துறைத் தலைவர்களும் வந்தாக வேண்டும். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரைக் கிண்டல் செய்து ஒரு வெண்பா எழுதிக்கொண்டிருந்தேன். ஈற்றடியில் தளை தட்டிக்கொண்டே இருந்தது. முன்னால் அவர் திரையில் ஒவ்வொரு பொத்தானாகக் காட்டி, அம்மாக்களுக்குச் சமையல் குறிப்புச் சொல்வதுபோல விளக்கிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, "தமிழய்யா, இந்த எடம் முக்கியமுங்க, பாத்துக்குங்க" என்றார். நான் தலையாட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த இடம் எது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்த ஆண்டு வருகை குறைந்த மாணவர்களைத் தனித்தனியாக அழைத்துக் காரணம் கேட்கும் வழக்கத்தை அவர் மாற்றினார். விசாரணை இணையவழியில் நடக்கும். மாணவர் போனில் தன் காரணத்தைச் சொல்ல வேண்டும். மென்பொருள் அதைக் கேட்டு எழுத்தாக்கிவிடும். எழுத்தைப் படித்து முடிவெடுக்கலாம். காரணம் ஏற்கப்படாவிட்டால் அந்தப் பருவத்தில் தேர்வு எழுத முடியாது.

"எதிர்ல நிக்க வெச்சுக் கேட்டா அழுவுதுங்க சார், நமக்கு மனசு எளகிருது. எழுத்துன்னா எல்லாருக்கும் ஒண்ணுபோல" என்றார்.

விசாரணை நாளில் அவர் ஒரு காதில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு வேறு எதையோ ஏற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்கவில்லை. எழுத்து வந்துவிடுமே.

வந்த எழுத்தைத் துறைத் தலைவர்களின் பார்வைக்கு அனுப்பினார். என் துறையில் ஒரே ஒரு பெயர்தான். கொட்டச்சேட்டிலிருந்து வரும் பெண், இரண்டாம் ஆண்டு. தாய் தகப்பன் இருவரும் காப்பி எஸ்டேட்டில் வேலை. அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். நான் காவிரிக் கரையிலிருந்து இளம் வயதில் இங்கே வந்தவன். இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கு ஒரு புதையல்போல இருந்தது. அதைப்பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். வகுப்பில் வட்டாரச் சொற்களைக் கேட்டால் மற்றப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அவள் எழுந்து, "எங்க பக்கம் இப்படித்தானுங்கய்யா சொல்லுவோம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவள் பல வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. வருகைப்பதிவுதான் மென்பொருளுக்குப் போய்விட்டதே, இனி ஏற்றுமதியின் பாடு என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, துறையில் இருந்த இளம் ஆசிரியையை என் கணக்கில் திறந்து காட்டச் சொல்லி, திரையில் படித்தேன். இப்படி இருந்தது:

'அம்மாவுக்கு நம்ப முடியலைங்க. நான் ஊட்டில இருந்தேங்க. வேற ஆள் இல்லைங்க. நான் மட்டும்தான் பாத்துக்கிட்டேங்க.'

அதன் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளரின் குறிப்பு, சிவப்பில்: 'சுற்றுலா. தாயாருக்கே நம்பிக்கை இல்லை. நிராகரிக்கலாம்.'

எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. ரொம்ப என்பது இங்கே நொம்ப. 'நொம்ப முடியலீங்க' என்று அந்தப் பெண் சொன்னதை மென்பொருள் 'நம்ப முடியலைங்க' ஆக்கியிருந்தது. வீட்டை ஊடு என்பார்கள் இங்கே. 'ஊட்டுல இருந்தனுங்க' என்று சொன்னவளை அது ஊட்டிக்கு அனுப்பிவிட்டது. தாய் படுக்கையில் கிடக்க, வேறு ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்துக்கொண்ட பெண், திரையில் தன்னந்தனியாக ஊட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இதில் உச்சம் என்னவென்றால், ஏற்றுமதியே நாள் முழுக்க 'எங்க ஊட்டுல' என்றும் 'நொம்ப நல்லதுங்க' என்றும் பேசுகிறவர். காதைக் கொடுத்திருந்தால் அவருக்கு இது தாய்மொழி.

இளம் ஆசிரியை இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் அல்லர், அவருக்குப் புரியவில்லை. "என்னங்கய்யா சிரிக்கிறீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நான் அப்போதே போனை எடுத்து அவரிடம் சொல்லியிருக்கலாம். அடுத்த கட்டடத்துக்கு நடந்துபோயும் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அட, ஆமாங்க" என்று அங்கேயே திருத்திவிடுவார், விஷயம் முடிந்துவிடும். அது அப்படி முடிவதில் எனக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை ஆசிரியர் பேரவைக் கூட்டம் இருந்தது. முதல்வர் இருப்பார், எல்லாத் துறையினரும் இருப்பார்கள். அங்கே இதைப் படித்துக் காட்டினால் மென்பொருளும் அவரும் ஒரே நாளில் தீர்ந்தார்கள் என்று கணக்குப் போட்டேன்.

துறைத் தலைவர் ஒப்புதல் தர சனிக்கிழமை கடைசி நாள். நான் ஒப்புதல் தராவிட்டால் பட்டியல் திரும்ப அவரிடமே போகும். மறுபடி பார்த்தால் ஒருவேளை கண்டுபிடித்துவிடுவார். முழுதாக முடிந்த மடத்தனமாக இருந்தால்தான் கூட்டத்தில் எடுபடும். அதனால் சனிக்கிழமை மதியம் நானே கணினி முன்னால் உட்கார்ந்தேன். என் கையால் ஒரு பொத்தானை அழுத்த மாட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன், அந்த ஒரு பொத்தானை யார் உதவியும் இல்லாமல் அழுத்தினேன். எப்படியும் திங்கட்கிழமை பேரவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எதுவும் நடைமுறைக்கு வரும், காகிதக் காலத்தில் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

திங்கட்கிழமை என் முறை வந்தது. எழுந்து, முதலில் திரையில் இருந்தபடியே படித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் குரலில், இந்த ஊர்ப் பேச்சில், அவள் உண்மையில் என்ன சொல்லியிருப்பாள் என்று சொல்லிக் காட்டினேன். நல்ல ஏற்ற இறக்கத்தோடு. எனக்கு அது கைவந்த கலை. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. முதல்வர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாவரவியல்காரர், "அப்ப நாமெல்லாம் இன்னைக்குச் சாயங்காலம் ஊட்டிக்குப் போறமாக்கும்" என்றார். அதற்கு இன்னும் ஒரு சிரிப்பு.

அவரும் முதலில் சிரித்தார். தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏனுங்க சார், நீங்க சனிக்கெழமை அமுக்கிட்டீங்களே" என்றார்.

"எதை?"

"ஒப்புதலுங்க. நீங்க அமுக்குனதும் காரணத்தோட ஊட்டுக்கு மெசேஜ் போயிருமுங்களே. அன்னைக்கு டிரெய்னிங்குல சொன்னனுங்களே சார், இந்த எடம் முக்கியமுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் முதல்வரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டார்; முதல்வர் தலையாட்டினார். ஏற்றுமதி மப்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொட்டச்சேடு பஸ்ஸைப் பிடிக்கத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

அன்று மாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் அவர் கும்பிட்டபடி நிற்கிறார். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர், முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார். உள்ளே கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண். படத்தின் அடியில் இடமும் நேரமும். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் படம் எடுத்து ஏற்றியிருக்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படி எரிந்ததில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

மறுநாள் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"சனிக்கெழமை எஸ்டேட்டுல சம்பள நாளுங்க சார். மெசேஜ் வந்தப்ப அந்தப் புள்ளையோட அப்பன் வரிசையில நின்னிருக்காரு. என்னமோ காலேஜிலருந்து வந்திருக்குதுன்னு கணக்கெழுதற ரைட்டர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்காரு. அந்த ஆளு சத்தமாப் படிச்சிருக்கானுங்க. 'ஏப்பா, இங்க பொண்டாட்டி சீக்குன்னு லீவு கேட்ட, உன்ற புள்ள ஊட்டிக்கு டூர் போயிருக்குதாமா'ன்னு. அத்தனை பேரும் சிரிச்சிருக்காங்க."

முந்தின நாள் எங்கள் கூடத்தில் கேட்ட சிரிப்பு எனக்கு நினைவு வந்தது.

"முதல்வர்கிட்டச் சொல்லித் தடையை எடுத்தாச்சுங்க சார். பரீட்சை எழுதலாமுன்னு காயிதம் கொண்டுபோய்க் குடுத்தனுங்க. அந்த மனுசன் வாங்கல. 'என்ற புள்ள அவங்கம்மாளுக்குப் பீ மூத்தரம் அள்ளிக்கிட்டு ஊட்டுல கெடந்துச்சுங்க. அத நீங்க பொய்யின்னு எழுதி அனுப்புனீங்க. நாங்க யாரும் ஊட்டியக் கண்ணுல பாத்ததில்லீங்க. நம்பாத எடத்துக்கு எதுக்குங்க அனுப்போணும்'ன்னுட்டாரு."

"மெஷின் தவறு என்று சொல்லவில்லையா?"

"சொன்னனுங்க. 'மெசினு பேசாதுங்க, யாரோ ஒருத்தருதான் படிச்சுப் பாத்திருப்பாங்க'ங்கறாரு. அதுக்கு நான் என்னன்னு சொல்றதுங்க?"

இடுப்பிலிருந்த போன் உறையின் பட்டனைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"யார் எப்பத் தொறந்து பாத்தாங்கன்னு அதுல பதிவாயிருமுங்க சார். நீங்க வெள்ளிக்கெழமையே பாத்திருக்கீங்க."

நான் மேசைமேல் கிடந்த விடைத்தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"யாருக்கும் காட்டலீங்க. அந்தப் புள்ள ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. கெளம்பறப்ப பின்னாலயே வந்து, 'தமிழய்யா இத இன்னும் பாக்கலீங்களா சார்? அவருகிட்டக் காட்டுங்க, அவருக்கு எங்க பேச்சு நல்லாத் தெரியுமுங்க'ன்னுச்சு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"தமிழய்யா பாக்கல கண்ணு, பாத்திருந்தா உட்டிருக்க மாட்டாருன்னு சொல்லிட்டனுங்க."

சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் திரும்பி வரவில்லை. தாய் சில மாதங்களில் எழுந்து நடமாடினாள் என்றும், மகள் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போகிறாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அவர் இன்னும் இரண்டு முறை கொட்டச்சேடு போய்ப் பேசிப் பார்த்தார். அந்த இரண்டு முறையும் படம் வரவில்லை. விசாரணையைப் பழையபடி நேரில் வைத்தார். அதிலும் ஒவ்வொரு மாணவரையும் படம் எடுத்து ஏற்றினார். நான் ஒருமுறைகூடக் கொட்டச்சேடு போகவில்லை. அரை மணி நேர பஸ். ஓய்வு பெற்ற பின்பும் இதே மலையில்தான் இருக்கிறேன். அந்தப் பஸ் என் வீட்டு முன்னால்தான் திரும்புகிறது.

அவர் கீழே வேறொரு கல்லூரிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் காலை ஆறு மணிக்கு எனக்கு அவரிடமிருந்து வாழ்த்து வரும். ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் போகும்படி முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பார். அதே கரும்பு, அதே பானை. பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருக்கும். இன்றைக்கும் அவரைப் பிடிக்காது. பிணத்தின் பக்கத்தில் நின்று இன்னொருக்கா என்ற மனிதரை என்னால் மதிக்க முடியவில்லை. என் உத்தரவு இல்லாமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்தப் பெண்ணிடம் என்னைக் காப்பாற்றி வைத்ததையும் மன்னிக்க முடியவில்லை.

மென்பொருளுக்குள் போகாதது எதுவும் நடக்கவில்லை என்று நம்பியவர் அவர். நான் வெள்ளிக்கிழமையே பார்த்ததையும், பார்த்துவிட்டுச் சிரித்ததையும், சிரித்துவிட்டு மறுநாள் அழுத்தியதையும் அவர் எந்தக் கூட்டத்திலும், எந்தக் குழுவிலும் ஏற்றவில்லை. அவர் கணக்கில் அது நடக்கவே இல்லை. கொட்டச்சேட்டில் அந்த ஊட்டுல, தமிழய்யா இன்னும் பார்க்கவில்லை.